அரங்கேற்றத்துக்கு முந்திய இரவுகள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழாவென்றால் நாடகம் உண்டு. நாடகமென்றால் அது மேடையேறும் இரவைப் பற்றியே எல்லாரும் பேசுவர். யார் எடுத்துப் பாடினார், யாருடைய உடுப்பு அழகாயிருந்தது, மத்தளம் எப்படி, சனம் எவ்வளவு என்று மறுநாள் சந்தியிலும் வாசிகசாலையிலும் ஓயாத பேச்சு நடக்கும். அது நியாயமே. ஆனால் அந்த ஓர் இரவுக்கு முன்னே முப்பது நாற்பது இரவுகள் கழிந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்த இரவுகளுக்குச் சோடனை இல்லை, சபையோர் இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு மத்தளம், பத்துப் பதினைந்து பேர், இவ்வளவுதான். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த இரவுகளே. பாட்டு நாடகத்தின் இன்பத்திற் பெரும்பகுதி ஒத்திகையிலேதான் இருக்கின்றது. அதன் உயிரும் அங்கேதான் காப்பாற்றப்படுகின்றது. இதுவே நாம் உங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி.

மேனாட்டார் 'ஒப்பரா' என்று வழங்கும் நாடகத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலே பாத்திரங்கள் பேசுவதற்குப் பதிலாகப் பாடுவார்கள். கோபம் வந்தாலும் பாட்டு, காதல் வந்தாலும் பாட்டு, சாகும்போதும் பாட்டு. இன்று முழுமையாகக் கிடைக்கும் ஒப்பராக்களுள் மிகப் பழையது யாக்கோபோ பேரி என்பவர் இசையமைத்த 'யூரிடிச்சே'. 1600 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே, ஓர் அரச கலியாணக் கொண்டாட்டத்தில் அது ஆடப்பட்டது. கலியாண வீட்டுக் கலையாகத் தோன்றியது பின்னர் ஐரோப்பா முழுவதும் பரந்தது.

நமக்கு இது புதிய சரக்கன்று. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இராம கதையைக் கீர்த்தனை நாடகமாகச் செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் கதையை அவ்வாறே பாடினார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) புராணக் கதைகளையும் பழங்கதைகளையும் பாட்டு நாடகங்களாக எழுதி நடிகர் பலரைப் பழக்கினார். தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகள் கடல் கடந்து வந்து இங்கே கொட்டகைகளில் ஆடின. அவற்றைப் பார்த்த நம்மவர் தாமும் பழகினர். அவ்வழியில் வளர்ந்ததே யாழ்ப்பாணத்து இசை நாடகம். காங்கேசன்துறை வசந்த கான சபாவையும், 1989 இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களையும் அறியாத பெரியோர் இச்சபையில் இருக்கமாட்டார்கள். அவர்களுடைய 'அரிச்சந்திர மயான காண்டம்' ஏறாத மேடை எது, கோயில் வீதி எது!

இசை நாடகத்துக்கு மூத்தது கூத்து. இந்தக் குருநகரின் மண்ணைத் தொட்டுப் பேசுவோர் கூத்தைச் சொல்லாமல் விடமுடியாது. பட்டினத்தின் தென்புறத்திலே கடலேரியை அணைத்துக்கொண்டு கிடக்கும் இவ்வூருக்குக் கரையூர் என்பது பழைய பெயர். இங்கும் அயலிலுள்ள பாஷையூரிலும், அப்பால் நாவாந்துறையிலும் வாழும் கத்தோலிக்க மக்கள், புனிதர் வரலாறுகளையும் அரச கதைகளையும் நாட்டுக்கூத்தாகத் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்திருக்கின்றனர். மட்டக்களப்புக் கூத்திலே ஆட்டம் ஓங்கி நிற்கும். இங்கே ஆட்டம் அளவாக நிற்க, பாட்டு மேலோங்கி நிற்கும். விருத்தமும் தருவும் கொச்சகமுமாக, இருள் மூடத் தொடங்கிப் பொழுது விடியும்வரை பாட்டிலேயே கதை நடக்கும். ஆகவே 'ஒப்பரா' என்னும் பெயருக்கு நம் தீவகற்பத்தில் மிகப் பொருத்தமான உரிமையாளர் இக்கடற்கரை மக்களே எனலாம். அவர்கள் ஓர் ஆலயத்தார், நாம் ஒரு கோயிலார் என்ற பேதம் மத்தளச் சத்தத்துக்குத் தெரியாது. அவர்கள் பழகும் இரவில் நாம் வேலியோரம் நின்று கேட்டதும், நாம் பழகும் இரவில் அவர்கள் வந்து தாளம் பிடித்ததும் உண்டு.

இனி, பழகும் முறையைச் சிறிது பார்ப்போம்.

முதல் வேலை அண்ணாவியாரைத் தேடிக் கண்டு, வெற்றிலை வைத்து, சம்மதம் பெறுதல். அவரே ஆசிரியர், அவரே இசை வல்லுநர், அவரே நீதவான். எவருக்கு எந்தப் பாத்திரம் என்பதைக் குரலைக் கேட்டு அவர் தீர்ப்பார். 'எனக்கு அரசன் வேண்டும்' என்று நிற்பவனுக்குச் சேவகன் கிடைக்கும். மூலையில் ஒதுங்கி இருந்தவனுக்கு அரசன் கிடைக்கும். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. பிறகு அவரவர் தம் பாட்டுக்களைக் கொப்பியிலே கையாற் பார்த்தெழுதிக்கொள்வர். எழுதும்போதே பாதி மனத்திலே பதிந்துவிடும்.

அடுத்த சில கிழமைகள் எவரும் எழுந்து நிற்பதில்லை. மத்தளத்தைச் சுற்றி வட்டமாக இருந்து பாடுதல் மாத்திரமே. அண்ணாவியார் ஓர் அடியைப் பாடுவார். உரியவர் திருப்பிப் பாடுவார். மற்றவர்கள் பிற்பாட்டு எடுப்பார்கள். சுருதி சேரும்வரை அந்த ஓரடி பத்து முறையும் வரும், இருபது முறையும் வரும். மேனாட்டு ஒப்பராவிலும் இதே முறை உண்டென்பது வியப்பைத் தருகின்றது. அங்கே பாடகர்களுக்குப் பியானோ வாத்தியத்தின் முன் இருந்து பாட்டுக்களைப் பழக்குவதற்கென்றே ஒருவர் இருப்பார். பிரெஞ்சு மொழியில் அவருக்கு வழங்கும் பெயர் திரும்பத் திரும்பச் சொல்லுவிப்பவர் என்ற பொருளைத் தருவது. வாத்தியக் கோஷ்டியோடு பாடகர் முதன்முதல் கூடும் ஒத்திகையை ஜெர்மானியர் 'சிட்ஸ்புரோபே' என்பர். 'இருந்து பாடும் ஒத்திகை' என்பதே அதன் கருத்து. உடுப்பில்லை, நடிப்பில்லை, இருந்து, கேட்டு, ஒத்துப் பாடுவதே வேலை. நமது சொல்லிலும் அந்தக் கருத்து மறைந்து நிற்கிறது: 'ஒத்திகை' என்பதிலே 'ஒத்து' இருக்கின்றதன்றோ!

இதிலே என்ன இன்பம் என்று இளைஞர்கள் கேட்கலாம். ஒன்றிரண்டைச் சொல்கிறோம்.

முதலாவது, காது திறக்கும் இன்பம். பழகத் தொடங்கும் நாளில் எவருக்கும் தன் குரல் மாத்திரமே கேட்கும். பத்தாம் நாள் பக்கத்தில் இருப்பவனின் குரல் கேட்கத் தொடங்கும். இருபதாம் நாள் மத்தளக்காரர் எந்த இடத்தில் தீர்மானத்துக்கு வருவார் என்பது அவர் கையைப் பாராமலே தெரியும். பின்னர் ஓர் இரவு, அது எந்த இரவென்று எவராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது, பதினைந்து குரலும் ஒரு குரலாக எழும். பாடியவர்களே ஒருவரையொருவர் பார்த்து ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். அண்ணாவியார் மாத்திரம் ஒன்றும் நடவாதவர்போல 'அடுத்த தரு' என்பார். அந்த ஒரு கணத்துக்கு ஈடான கைதட்டலை எந்த மேடையும் நமக்குத் தந்ததில்லை.

இரண்டாவது, சொல்லின் பொருள் விளங்கும் இன்பம். இதற்கு மயான காண்டத்தையே உதாரணமாக எடுப்போம். சிறு குழுவினர் பழகுவதற்கு இதைவிட நல்ல நாடகம் இல்லை. முக்கியமான பாத்திரங்கள் மூன்றே: சுடலை காக்கும் அரிச்சந்திரன், பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்து வரும் சந்திரமதி, இறந்து கிடக்கும் லோகிதாசன். ஓர் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் இருந்தாற் போதும். மூன்று பேரோடு ஓர் உலகமே அதில் நடக்கிறது.

காவற்காரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. பழகத் தொடங்கும் இளைஞன் எவனாயினும் இந்த இடத்தைக் கண்ணீரோடுதான் பாடுவான். ஏனெனில் கதை அவனுக்குத் தெரியும். எதிரே நிற்பவள் தன் மனைவியென்று அவனுக்குத் தெரியும். அப்போது அண்ணாவியார் மறிப்பார். 'தம்பி, உனக்குத்தான் அது தெரியும். காவற்காரனுக்கு இன்னும் தெரியாது. கூலி கேட்கிறவன் கூலி கேட்கிற மாதிரிக் கேள். அழுகையைத் தாலியைக் காணும்வரை வைத்துக்கொள்' என்பார். மறுநாள் அதே பாட்டு, அதே இராகம், அதே தாளம்; ஆனால் கேட்பவருக்கு நெஞ்சு நடுங்கும். கடமை என்றால் என்ன, சத்தியம் என்றால் என்ன என்பதை ஒரு பிரசங்கத்திலே கேட்டு அறிவது ஒன்று. அதை நாற்பது இரவு பாடிப் பாடித் தன் தொண்டையால் அறிவது வேறொன்று. புராண படனத்துக்கு இருந்த பயன் இதற்கும் உண்டு.

லோகிதாசனாக வரும் சிறுவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனுக்குக் கிடந்த கிடையிலே அசையாதிருப்பதே பெரிய வேலை. பாட்டு நீளும்; நுளம்பு கடிக்கும். அரைவாசி இரவுகளில் அவன் உண்மையாகவே உறங்கிப்போவான். சந்திரமதி புலம்பி முடித்த பிறகு தாயார் வந்து அவனைத் தோளிற் போட்டுக்கொண்டு போவார். அவ்வாறு உறக்கத்திலே கேட்ட இராகங்களை இருபது வருடத்துக்குப் பின் அவனே பிழையின்றிப் பாடுவான்! கலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

மூன்றாவது இன்பம், உறவு. ஒத்திகைப் பாயிலே உத்தியோகத்தரும் தொழிலாளியும் பக்கத்திற் பக்கத்தில் இருப்பர். கடலுக்குப் போகும் இரவையும் போகாத இரவையும் கணக்குப் பார்த்தே நாள் குறிக்கவேண்டும். சோதனைக்குப் படிக்கும் மாணவனுக்காக நேரத்தை மாற்றவேண்டும். தேத்தண்ணீரும் பனங்கட்டியும் ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒவ்வொரு நாளாக வரும். ஒரு முறையும் மேடையேறாத கிழவர் ஒருவர் மூலையில் இருந்து, 'அந்த இடத்திலே அந்த நாளில் இப்படி எடுக்கமாட்டார்கள்' என்று ஓர் அடியைப் பாடிக் காட்டுவார். சபை முழுவதும் வாயடைத்துக் கேட்கும். ஒரு கிழமைக்கு முன் வேலித் தகராற்றில் முகம் பாராமற் திரிந்த இருவர், பிற்பாட்டில் ஒரே மூச்சை எடுத்துப் பாடவேண்டி வரும். சமாதான நீதவானுக்கு இவ்வளவு எளிதில் கைகூடாத காரியம் இது.

இவ்வளவும் இன்பம். ஆயின் நாம் இன்று இதைப் பேச எடுத்ததற்குக் காரணம் இன்பம் மாத்திரமன்று. ஒரு கவலையும் உண்டு.

நம் முன்னோர் ஆடிய பல நாடகங்களின் ஏடுகள் அச்சாகியிருக்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பெரிதும் உழைத்து, 'அலங்காரரூபன் நாடகம்' (1962), 'மூவிராசாக்கள் நாடகம்' (1966), 'ஞானசவுந்தரி நாடகம்' (1967) முதலியவற்றைப் பதிப்பித்தார். நாம் அவருக்கு என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அச்சுப் புத்தகத்திலே சொல் இருக்கும், பாட்டுக்கு மேலே 'தரு' என்றோ 'விருத்தம்' என்றோ ஒரு குறிப்பும் இருக்கும், மெட்டு இராது. அந்தத் தருவை எந்த இழுப்பில் எடுப்பது, எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் மத்தளம் நின்று குரல் மாத்திரம் போவது என்பதெல்லாம் அண்ணாவியாரின் தொண்டையிலும் ஒத்திகைக்காரரின் காதிலுமே இருக்கின்றன. ஒத்திகை நின்றால் அவையும் நிற்கும். அருணாசலக் கவிராயரின் நாடகமே இதற்குச் சாட்சி. அதன் பாட்டுக்கள் பல இன்றும் கச்சேரிகளிலே பாடப்படுகின்றன. ஆனால் அவற்றுட் பல பிற்காலத்தார் வேறு இராகங்களில் அமைத்தவை. சொல் பிழைத்தது, முதல் மெட்டுக்கள் பல பிழைக்கவில்லை.

நம் ஊர்களுக்கு இன்னுமொரு பெரிய இடி வந்தது. கூத்துக்கு இரவு வேண்டும். யுத்த காலத்திலே அந்த இரவே நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது. ஊரடங்குச் சட்டத்தில் விடியும்வரை ஆடுவது எப்படி? விளக்கேற்றி ஒத்திகை பார்ப்பது எப்படி? 1986 ஆனி 10 ஆம் நாள் மண்டைதீவுக் கடலிலே குருநகர்த் தொழிலாளர் முப்பத்தொரு பேர் கொல்லப்பட்டனர். 1993 கார்த்திகை 13 ஆம் நாள் இவ்வூர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மேற் குண்டு விழுந்து உயிர்கள் பறிபோயின. இடப்பெயர்வுகளில் ஏடுகளும் கொப்பிகளும் எத்தனை வீடுகளில் அழிந்தனவோ! அந்த நாட்களிலும் மரபை விடாது பிடித்தவர்கள் இருந்தனர். நீ. மரிய சேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், யுத்த காலத்திலும் யாழ்ப்பாணத்தில் நாடகப் பணியைத் தொடர்ந்து செய்தது. அடிகளார் 2021 இல் மறைந்தார். அவர் தேற்றிய கலைஞர் பலர் நம்மிடையே இருக்கின்றனர்.

2009 இல் யுத்தம் முடிந்தது. இரவு திரும்பி வந்தது. ஆனால் ஒத்திகை முழுதாகத் திரும்பி வரவில்லை. இன்று விழாவுக்கு ஒரு மணித்தியாலக் கூத்து வேண்டும் என்கிறோம். பணம் கொடுத்தால் ஆடிவிட்டுப் போவதற்குக் குழு உண்டு. பழகுவோரும் கைத்தொலைபேசியிலே பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டு, அவரவர் வீட்டிலே கேட்டுப் பாடமாக்கி, கடைசி இரண்டு நாளிலே கூடுகின்றனர். இதிலே என்ன குறை என்று கேட்கலாம். சுருக்கிய கூத்தை நாம் பழிக்கவில்லை. வித்தியானந்தன் அவர்களே விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1965) முதலியவற்றை மேடையேற்றினார். ஆனால் அவர் ஆட்டத்தின் நேரத்தைச் சுருக்கினாரேயன்றி, பழக்கத்தைச் சுருக்கவில்லை. அண்ணாவியாரை வரவழைத்து மாணவரைப் பழக்கினார். சிங்கள மக்களிடையே பேராசிரியர் சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தைத் தந்து பெரும் புகழ் பெற்றதும் அவ்வழியிலேதான். அம்பலாங்கொடையிலிருந்து நாடகம் வல்ல ஒரு குருவை அழைத்து, அவர் வாயாற் பாட்டைக் கேட்டு, மாணவர் பழகினர். பழைய 'நாடகம' மரபுக்கும் நமது கூத்துக்கும் உள்ள உறவை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர்.

ஒலிப்பதிவும் நல்லதே, அது மறதிக்கு மருந்து. ஆனால் கைத்தொலைபேசி நம்மைப் பாடிக் காட்டும். நாம் பாடுவதைக் கேட்டுத் திருத்தாது. 'தம்பி, அழுகையை வைத்துக்கொள்' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய பெரியோர் இன்றும் இருக்கின்றனர். இன்னும் எத்தனை வருடம் இருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆகவே இளைஞர்களே, உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வருகிற ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து நிகழ்ச்சி பிடிக்காமல், ஒரு சிறு பாட்டு நாடகத்தை நீங்களே பழகுங்கள். மயான காண்டம் போதும். அல்லது ஒரு கூத்தின் ஒரு பகுதி போதும். மூன்று மாதம், கிழமைக்கு மூன்று இரவு என்று வையுங்கள். அண்ணாவியார் ஒருவரை அழைத்து முறையாக மரியாதை செய்யுங்கள். குருநகர், பாஷையூர்ப் பாடகர்களைப் பிற்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர்கள் மறுக்கமாட்டார்கள். பாட்டுக்களைக் கையால் எழுதுங்கள். பழகும் இரவுகளை ஒலிப்பதிவு செய்து, எந்தத் தரு எந்த மெட்டில் என்று ஒரு கொப்பியிலே குறித்துச் சங்க நூலகத்தில் வையுங்கள். முற்காலத்தில் சந்திரமதியை ஆண்களே ஆடினர். இன்று நம் பெண்பிள்ளைகள் பாடட்டும். சங்கீதம் முறையாகப் பயின்ற பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்!

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு ஒத்திகை என்றால் 'படிப்புக் கெட்டுவிடும்' என்று மறிக்காதீர்கள். நீங்களும் வந்து மூலையில் இருங்கள். உங்களுக்கு ஓர் அடி ஞாபகம் இருக்கும். அந்த ஓர் அடியைப் பாடிக் காட்டுங்கள். அது வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத அடியாக இருக்கலாம்.

வரும் தை பிறந்த பின் ஒரு நல்ல நாளிலே, சங்க மண்டபத்தில் ஒரு பாயை விரித்து, ஒரு மத்தளத்தை வையுங்கள். அதற்கு மேல் ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். வருபவர்கள் வருவார்கள். நாமும் வருவோம்.